மிதவை சொன்னால் நம்பலாமா?

சாயப்பட்டறை, அரிசி ஆலை, பால் பண்ணை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் என்று நீராவி வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரு பாய்லர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஒரு மிதவை பார்த்துக்கொள்கிறது. அந்த மிதவையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கேள்வி: பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? குறைந்தால் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதானே? (ஈரோடு)

பதில்: ஊற்றலாம், அதுவரை இரும்பு பொறுத்திருந்தால். நெருப்புக் குழாய்க்குள் எரியும் ஜுவாலை 1,000 டிகிரிக்கு மேல். அப்படியும் குழாயின் இரும்பு தாக்குப்பிடிப்பதற்கு ஒரே காரணம், அதன் மறுபக்கம் தண்ணீர் நின்று சூட்டை வாங்கிக்கொண்டே இருப்பதுதான். மட்டம் இறங்கிக் குழாயின் முதுகு வெளியே தெரிந்தால் அந்த இடம் சிவக்கத் தொடங்கும். சாதாரண உருக்கு 550, 600 டிகிரியை எட்டும்போது பாதி வலுவை இழந்திருக்கும். ஆனால் உள்ளே 10 கிலோ பிரஷர், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 10 கிலோ, அப்படியே அழுத்திக்கொண்டிருக்கும். தகடு புடைக்கும், பிறகு கிழியும்.

கிழிந்த பிறகுதான் உண்மையான ஆபத்து. 10 கிலோ பிரஷரில் பாய்லர் தண்ணீரின் சூடு ஏறத்தாழ 183 டிகிரி. அந்தத் தண்ணீர் திடீரென்று வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு வந்தால், அதில் சுமார் 16 சதவீதம் அந்த நொடியே ஆவியாகும். ஒரு டன் தண்ணீர் என்றால் 160 கிலோ ஆவி. அது அடைக்கும் இடம் கிட்டத்தட்ட 270 கன மீட்டர், அதாவது ஒரு சிறிய வீட்டின் கொள்ளளவு. அவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் வெளியே வர வழி தேடும். பாய்லரை உடைத்துச் சுவரைத் தள்ளுவது ஏற்கெனவே இருந்த ஆவி இல்லை. அடியில் அமைதியாக நின்ற தண்ணீர்தான்.

கேள்வி: ஜேம்ஸ் வாட் காலத்துப் பாய்லரில் கல்லை மிதவையாகப் போட்டார்கள் என்று படித்தேன். கல் எப்படி மிதக்கும்? (கடலூர்)

பதில்: கடலூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் மிதந்து வந்து கரையேறியது உங்கள் ஊர்த் திருப்பாதிரிப்புலியூரில் என்பார்கள். அங்கே மிதக்க வைத்தது பக்தி. வாட் பாய்லரில் மிதக்க வைத்தது தராசு.

ஒரு நெம்புகோலின் ஒரு முனையில் கம்பியில் கட்டிய கல், மறுமுனையில் எடைக்கட்டி. கல் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் முழுக்க மூழ்கினால் அதன் எடை 8 கிலோ அளவுக்குக் குறைந்ததுபோல் இருக்கும். பாதி மூழ்கினால் 4 கிலோ குறையும், மிச்சம் 16. மறுமுனையில் 16 கிலோவைத் தொங்கவிட்டால், கல் பாதி மூழ்கிய நிலையில் தராசு சமமாக நிற்கும். மட்டம் இறங்கினால் கல் வெளியே வரும், கனம் கூடும், கீழே இழுக்கும். நெம்புகோல் சாயும், மேலே தொட்டியில் இருக்கும் வால்வு திறக்கும், தண்ணீர் இறங்கும். மட்டம் ஏறினால் கல்லின் கனம் குறையும், வால்வு மூடும்.

உலோகப் பந்து போட்டிருக்கலாமே என்பீர்கள். பற்றுவைத்த செம்புப் பந்து கொதிநீரில் என்றைக்காவது ஓட்டை விழுந்து தண்ணீர் குடிக்கும். கல்லுக்கு அந்தக் கவலை இல்லை. அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் இந்த ஒரு யோசனைக்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கேள்வி: பாய்லருக்கு முதலில் மிதவை வைத்தது யார்? வாட் தானே? (கோவை)

பதில்: இல்லை. வாட், போல்ட்டன் நிறுவனம் இதை எடுத்துக்கொண்டது 1791 வாக்கில். அதற்குள் பல இடங்களில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் கால்வாய் வெட்டிப் பெயர் வாங்கிய ஜேம்ஸ் பிரிண்ட்லி 1758-லேயே தன் நீராவி எஞ்சின் காப்புரிமையில் மிதவை வால்வை எழுதிவைத்தார். சட்டன் தாமஸ் வுட் என்பவர் 1784-ல் தன் மதுவடிப்பாலை எஞ்சினுக்குப் போட்டார்.

எனக்கு மனதில் நிற்பவர் சைபீரியாவின் பர்னாவுல் ஊரில் இருந்த இவான் போல்சுனோவ். படைவீரர் ஒருவரின் மகன். உலோகம் உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊத, இரண்டு சிலிண்டர் கொண்ட நீராவி எஞ்சினை 1763-ல் வரைந்து கொடுத்தார். ஒரு சிலிண்டர் ஓயும்போது மற்றது இழுக்கும், காற்று இடைவிடாமல் வரும். அந்த எஞ்சினின் பாய்லருக்கு மிதவை வால்வு வைத்து மட்டத்தைத் தானாக நிலைநிறுத்தினார். நல்ல கருவி இல்லை, பழகிய ஆட்கள் இல்லை, உடம்பில் காசநோய். 1766 மே மாதம் இறந்துபோனார். எஞ்சின் ஓடத் தொடங்கியது ஆகஸ்டில். நவம்பரில் பாய்லர் ஒழுகி நின்றது. ஓடிய நாட்களைக் கூட்டினால் 43. செலவை ஈட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு யாரும் தொடாமல் கிடந்து, கடைசியில் பிரிக்கப்பட்டது.

மிதவை வால்வு என்ற யோசனை இவர்கள் எல்லோருக்கும் மூத்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் டெசிபியஸ் தன் தண்ணீர்க் கடிகாரத்தில் மட்டம் மாறாமல் இருக்க மிதவை வைத்தார். பாய்லருக்கு வந்து சேர 2,000 ஆண்டுகள் ஆயின.

கேள்வி: எங்கள் வீட்டு மேல்நிலைத் தொட்டியில் 150 ரூபாய் பந்து வால்வு பத்து வருஷமாக வேலை செய்கிறது. பாய்லருக்கும் அதையே போட்டால் என்ன? (மதுரை)

பதில்: நசுங்கும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்தை 10 கிலோ பிரஷர் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 785 கிலோ விசையோடு அமுக்கும்.

நசுங்காத பந்தே போட்டாலும் இன்னொரு சிக்கல். உங்கள் தொட்டிக்குள் தண்ணீர் தானாக விழும், ஏனென்றால் தொட்டிக்குள் இருப்பது வெறும் காற்று. பாய்லருக்குள் விழ வேண்டுமானால் உள்ளே இருக்கும் பிரஷரை வென்றுதான் விழ வேண்டும். வாட் காலத்தில் பிரஷர் மிகக் குறைவு. மூன்றரை மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்தால், குழாயில் நிற்கும் தண்ணீரின் எடையே உள்ளே தள்ளிவிடும். 10 கிலோ பிரஷருக்கு அப்படித் தொட்டி வைப்பதென்றால் 100 மீட்டர் உயரம் வேண்டும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 72 மீட்டர். அதன் உச்சிக்கு மேல் இன்னும் 28 மீட்டர் ஏற வேண்டும்.

அதனால்தான் ஃபீட் பம்ப் வந்தது. மிதவை இப்போது வால்வைத் தானே திறப்பதில்லை. பம்ப்புக்கு ‘ஓடு’, ‘நில்’ என்று சொல்கிறது. கை வேலை போய், வாய் வேலை வந்தது.

கேள்வி: ‘மோப்ரே’ என்கிறார்களே, அது என்ன? உள்ளே இருக்கும் மிதவை வெளியே இருக்கும் சுவிட்சை எப்படித் தட்டுகிறது? பாய்லரில் ஓட்டை போட வேண்டாமா? (திருப்பூர்)

பதில்: அது ஒரு பிராண்டின் பெயர். நம் பாய்லர் ரூம்களில் எந்தக் கம்பெனி மிதவை சுவிட்சுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஓட்டை பற்றிய உங்கள் சந்தேகம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. பழைய பாய்லரில் கல்லைத் தாங்கிய கம்பி, பாய்லரின் கூரையில் ஒரு துளை வழியாக வெளியே வந்தது. துளையைச் சுற்றிப் பாக்கிங் இறுக்கினால் கம்பி நகராது. தளர்த்தினால் ஆவி சீறும். இந்த இழுபறிக்கு முடிவு கட்டியது காந்தம். பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறை. அதன் மேல் குழாய் ஆவிப் பகுதிக்கும், கீழ்க் குழாய் தண்ணீர்ப் பகுதிக்கும் போகும். பாய்லரில் என்ன மட்டமோ அதுவே அந்த அறையிலும். உள்ளே உருக்கு மிதவை, அதன் தண்டின் நுனியில் ஒரு காந்தம். நடுவே காந்தம் ஒட்டாத உலோகச் சுவர். சுவருக்கு வெளியே இன்னொரு காந்தம், ஒரே துருவம் ஒன்றையொன்று பார்த்தபடி. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சீசாப் பலகைபோல, மிதவை கீழே போனால் தண்டின் மறுமுனையில் உள்ள உள் காந்தம் மேலே வரும், வெளிக் காந்தம் ‘டக்’கென்று கீழே தாவும். சுவிட்ச் விழும். துளையே இல்லை, அதனால் ஒழுக்கும் இல்லை.

அந்த ‘டக்’ சத்தத்தைப் பழகிய ஆபரேட்டர் பர்னர் இரைச்சலுக்கு நடுவிலும் காதில் வாங்குவார். வழக்கமாக இரண்டு மோப்ரே இருக்கும். ஒன்று பம்ப்பை ஓட்டவும் நிறுத்தவும். மற்றது அதற்கும் கீழே மட்டம் போனால் பர்னரையே அணைத்துப் பூட்ட. இரண்டாவது அணைத்தால் தானாக மறுபடி எரியாது. ஆள் வந்து பார்த்து, கையால் ரீசெட் பண்ண வேண்டும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மிதவை ஓட்டையானால் பாய்லர் வெடிக்குமா? (நாமக்கல்)

பதில்: ஓட்டையானால் அநேகமாக வெடிக்காது. மாட்டிக்கொண்டால்தான் பயம்.

யோசித்துப் பாருங்கள். ஓட்டையான மிதவை தண்ணீர் குடித்து மூழ்கும். அடியில் கிடந்துகொண்டு ‘தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை’ என்று சொல்லும். பம்ப்பை ஓட்டும் மிதவை என்றால் பம்ப் நிற்காது, பாய்லர் நிரம்பி, ஆவி லைனில் தண்ணீர் போகும். சாயத்துணி கெடும், குழாய் தடதடக்கும். பர்னரை அணைக்கும் மிதவை என்றால் பர்னர் அணைந்து உற்பத்தி நிற்கும். நஷ்டம்தான், உயிர் இருக்கும்.

இப்போது மறுபக்கம். மட்டம் நன்றாக இருந்தபோது மிதவை மேலே இருந்தது. அந்த அறையில் நாள்பட்ட சேறு இறங்கி, தண்டைச் சுற்றி உப்பு படிந்து, மேலேயே பிடித்துக்கொண்டது. தண்ணீர் இறங்குகிறது. மிதவை இறங்கவில்லை. பம்ப்புக்கு ‘போதும்’ என்ற செய்தி, பர்னருக்கு ‘எரி’ என்ற செய்தி. பேனலில் எல்லா விளக்கும் பச்சை. தண்ணீர்க் குறைவால் நடந்த பாய்லர் விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கதை இதுதான்.

அதனால்தான் ஒவ்வொரு ஷிப்டிலும் மோப்ரே அறையின் ட்ரெயின் வால்வைத் திறந்து ஊதிவிடச் சொல்கிறார்கள். சேறு வெளியே போகும், மிதவை கீழே வந்து பர்னர் அணைகிறதா என்றும் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ட்ரெயினை வேகமாகத் திறந்தால், பாய்ந்தோடும் தண்ணீர் பாதி மாட்டிய மிதவையையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். சோதனையில் பாஸ், நிஜத்தில் ஃபெயில். ஆகவே வாரம் ஒரு முறையாவது பம்ப்பை நிறுத்தி, பர்னரைக் குறைந்த தீயில் வைத்து, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், தண்ணீரை ஆவியாகவே மெல்ல இறங்க விட்டுப் பாருங்கள். குறித்த மட்டத்தில் பர்னர் தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்தக் கணமே கையால் அணைத்துவிட்டு மோப்ரேயைக் கழற்றுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பாய்லர் ஆபரேட்டர். ராத்திரி போன் பண்ணினால் ‘கண்ணாடி ஊதிட்டுக் கூப்பிடறேன்’ என்கிறார். அப்படி என்ன கண்ணாடி? (கரூர்)

பதில்: அம்மா, அவர் நல்ல வேலைக்காரர். கவலைப்படாமல் இருங்கள்.

பாய்லர் முகப்பில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் அது, கேஜ் கிளாஸ். மிதவை சொல்வது உண்மைதானா என்று மனிதக் கண் சரிபார்க்கும் இடம். ஆனால் கண்ணாடியும் பொய் சொல்லும். கீழ்க் குழாயில் சேறு அடைத்தால், உள்ளே சிக்கிய தண்ணீர் அங்கேயே நிற்கும், பாய்லர் காலியானாலும் கண்ணாடி நிறைவாகத் தெரியும். அதனால் அவர் மேல் காக், கீழ் காக் இரண்டையும் மூடி, ட்ரெயினைத் திறப்பார். மேல் காக்கைத் திறந்தால் ஆவி சீற வேண்டும். அதை மூடிக் கீழ் காக்கைத் திறந்தால் தண்ணீர் பாய வேண்டும். பிறகு ட்ரெயினை மூடினால் தண்ணீர் கண்ணாடியில் உச்சி வரை ஏறும். மேல் காக்கைத் திறந்ததும் சரேலென்று இறங்கித் தன் மட்டத்தில் நின்று லேசாக ஆடும். அந்த ஆட்டம்தான் உயிருள்ள மட்டத்துக்கு அடையாளம். ஆடாமல் நிற்கும் மட்டத்தைக் கண்டால் நல்ல ஆபரேட்டருக்கு உறக்கம் வராது.

இன்னொரு விஷயமும் அவரைக் கேட்டுப் பாருங்கள். முழுக்க நிறைந்த கண்ணாடியும் முழுக்கக் காலியான கண்ணாடியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இந்தக் குழப்பத்துக்காகச் சில பாய்லர்களில் கண்ணாடிக்குப் பின்னால் சாய்ந்த கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தகடு வைத்திருப்பார்கள். ஆவி வழியாகப் பார்த்தால் கோடு அதன் திசையிலேயே சாய்ந்திருக்கும். தண்ணீர் வழியாகப் பார்த்தால் ஒளி வளைந்து கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். தூரத்திலிருந்தே எது தண்ணீர், எது ஆவி என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: குக்கரில் தண்ணீர் தீர்ந்தால் சேஃப்டி வால்வு உருகுகிறது. பாய்லரில் அப்படி ஒன்று இல்லையா? (திண்டுக்கல்)

பதில்: இருக்கிறது. குக்கருக்கே அது பாய்லர் குலத்திலிருந்து வந்ததுதான். ஃபியூசிபிள் பிளக் என்று பெயர். நெருப்பறையின் கூரையில் ஈயம் அல்லது வெள்ளீயம் நிரப்பிய ஒரு திருகு. மேலே தண்ணீர் இருக்கும்வரை உருகாது. தண்ணீர் விலகினால் உருகி, ஆவி நெருப்பின் மேல் பாயும்.

கேள்வி: அந்த பிளக்கைக் கண்டுபிடித்ததற்குக் காரணம் ஒரு விலாங்கு மீன் என்கிறார்களே? (தூத்துக்குடி)

பதில்: கதை ஏறத்தாழ உண்மை. இங்கிலாந்துப் பொறியாளர் ரிச்சர்ட் ட்ரெவிதிக் உயர் அழுத்த எஞ்சினை ஊர் ஊராக நிறுவிக்கொண்டிருந்த காலம். 1803-ல் லண்டனை ஒட்டிய கிரீனிச்சில் அவருடைய பாய்லர் ஒன்று வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதைக் கவனிக்க வைத்திருந்த சிறுவன் விலாங்கு பிடிக்கப் போய்விட்டான். எஞ்சின் வேகமாக ஓடுவதைக் கண்ட வேறொரு தொழிலாளி எஞ்சினை நிறுத்தினார், ஆனால் சேஃப்டி வால்வைத் தளர்த்தவில்லை. ஆவிக்குப் போக வழியில்லை.

உயர் அழுத்தமே வேண்டாம் என்று வாட் தரப்பு பேசிவந்த நேரம் அது. ட்ரெவிதிக் தன் எஞ்சினை விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றுக்கு இரண்டு சேஃப்டி வால்வு, தண்ணீர் குறைந்தால் உருகும் ஈய பிளக் என்று பாய்லரைத் திருத்தினார். சிறுவனைத் திட்டி முடித்துவிடாமல், சிறுவன் இல்லாத நேரத்திலும் தாங்குகிற பாய்லரை யோசித்தார் பாருங்கள், அந்த இடத்தில் அவர் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிகிறார்.

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் உமி எரிக்கும் பாய்லர். எல்லா ஆட்டோமேட்டிக்கும் இருக்கிறது. கரண்ட் போனால் என்ன ஆகும்? (தஞ்சாவூர்)

பதில்: இந்த வாரத்தின் மிக முக்கியமான கேள்வி உங்களுடையது.

எண்ணெய் அல்லது கேஸ் பர்னரில் மிதவை ‘அணை’ என்றால் சில நொடிகளில் ஜுவாலை போய்விடும். உமிக்கும் விறகுக்கும் அந்தப் பேச்சு எடுபடாது. மிதவையால் ஊதுகாற்று ஃபேனை நிறுத்த முடியும், உமி போடும் மோட்டாரை நிறுத்த முடியும். ஆனால் ஏற்கெனவே தட்டில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பை நிறுத்த முடியாது. கரண்ட் போனதும் ஃபேன் நிற்கும், கூடவே ஃபீட் பம்ப்பும் நிற்கும். தண்ணீர் வரவு இல்லை, சூடு மட்டும் தொடரும். நம் ஊர் மின்வெட்டுக்கும் உமி பாய்லருக்கும் இடையே மிதவை செய்யக்கூடியது மணி அடிப்பது மட்டும்தான்.

ஆகவே மூன்று விஷயம் உங்களிடம் இருக்கிறதா பாருங்கள். கரண்ட் இல்லாமல் தண்ணீர் ஏற்ற ஒரு வழி வேண்டும். டீசல் பம்ப்பாக இருக்கலாம், இல்லையென்றால் இன்ஜெக்டர். 1858-ல் ஆன்ரி ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. பாய்லரின் சொந்த ஆவியையே ஒரு கூம்பு வழியாகப் பாய்ச்சி, அந்த வேகத்தில் குளிர்ந்த தண்ணீரையும் இழுத்து அதே பாய்லருக்குள் தள்ளும். நகரும் பாகம் ஒன்றும் கிடையாது. அதே மனிதர் 1852-ல் நீராவி எஞ்சின் வைத்த ஆகாயக் கப்பலில் பறந்தவர். இரண்டாவது, நெருப்பை வெளியே இழுத்துப் போட நீளக் கம்பியும் அதற்கான இடமும். சில ஆலைகளில் அந்த இடத்தில் மூட்டை அடுக்கியிருப்பார்கள். மூன்றாவது, காதில் விழுகிற மணி. அலாரம் மணியைச் சுற்றித் துணி கட்டி வைத்திருந்த பாய்லர் ரூமை நான் பார்த்திருக்கிறேன். ‘சும்மா சும்மா அடிக்குது சார்’ என்றார் அங்கிருந்தவர். சும்மா அடிக்கும் மணியைப் பழுது பார்க்க வேண்டும், வாயை மூடக் கூடாது.

கேள்வி: ஆவியை அதிகமாக இழுக்கும்போது கண்ணாடியில் தண்ணீர் மட்டம் ஏறுகிறது. குறைய அல்லவா வேண்டும்? என் கண்ணில் கோளாறா? (பெருந்துறை)

பதில்: கண் சரியாக இருக்கிறது. ஏமாற்றுவது தண்ணீர்.

பாய்லருக்குள் தண்ணீர் முழுக்கக் குமிழியோடுதான் இருக்கும். பத்து சாய மெஷினை ஒரே நேரத்தில் திறந்தால் பிரஷர் விழும். பிரஷர் விழுந்தால் குமிழிகள் பெருக்கும், புதுக் குமிழிகளும் கிளம்பும். தண்ணீரின் அளவு குறைந்துகொண்டிருக்க, மட்டம் உப்பி மேலே ஏறும். மிதவைக்கு மட்டம்தான் தெரியும், அளவு தெரியாது. ‘நிறைய இருக்கிறது’ என்று பம்ப்பை நிறுத்திவிடும், தண்ணீர் மிக அவசரமாக வேண்டிய நேரத்தில். சிறிது நேரத்தில் குமிழிகள் அடங்கியதும் மட்டம் தொப்பென்று விழும். இப்போது பம்ப் ஓடிக் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டும். இருக்கிற குமிழியும் சுருங்கி, மட்டம் இன்னும் கீழே போய், பர்னர் ட்ரிப் ஆகும். ‘மோப்ரே கோளாறு’ என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவீர்கள். மோப்ரே தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கும்.

மெஷின்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லுங்கள். ஃபீட் தண்ணீரைச் சூடாக்கி விடுங்கள். முடிந்தால் நிறுத்தி நிறுத்தி ஓடும் பம்ப்புக்குப் பதில், மட்டத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடும் வால்வு வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் அனல் மின் நிலையத்தில்? அங்கேயும் மிதவையா? (நெய்வேலி)

பதில்: அங்கே மிதவை போதாது. 500 மெகாவாட் யூனிட்டின் பாய்லர் மணிக்கு 1,600 டன்னுக்கு மேல் ஆவி தரும். நிமிடத்துக்கு 27 டன் தண்ணீர் வெளியே போகிறது. ஆவி பிரியும் கலனான டிரம்மில் இருக்கும் கையிருப்பு சொற்பம். மட்டம் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். ஆகவே மூன்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்: டிரம் மட்டம், வெளியே போகும் ஆவியின் அளவு, உள்ளே வரும் தண்ணீரின் அளவு. ஆவி கூடியதுமே, மட்டம் என்ன சொன்னாலும், தண்ணீரும் கூடும். மட்டம் கடைசியில் சின்னத் திருத்தம் மட்டும் செய்யும்.

கேள்வி: மட்டம் பொய் சொல்லிப் பெரிய விபத்து நடந்ததுண்டா? (சென்னை)

பதில்: உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், 1979 மார்ச் 28. தொடங்கியதே ஃபீட் தண்ணீர் பம்ப்புகள் நின்றதில்தான். பிறகு ஒரு நிவாரண வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது. அணு உலையிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பிரஷர் விழுந்து உள்ளே ஆவி கிளம்ப, அளவுமானியில் மட்டம் மட்டும் ஏறியது. ‘நிரம்பி வழியப் போகிறது’ என்று நினைத்த ஆபரேட்டர்கள், தானாக ஓடத் தொடங்கியிருந்த அவசரத் தண்ணீரைக் குறைத்தார்கள். உலையின் நடுப்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகியது. உங்கள் பாய்லரில் குமிழி செய்யும் அதே வேலைதான், இடம்தான் வேறு.

அவர்கள் முட்டாள்கள் இல்லை. மட்டத்தை மட்டும் பார்க்கப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள். பக்கத்திலேயே பிரஷர் விழுந்துகொண்டிருந்ததையும் சேர்த்துப் படிக்க யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேள்வி: ஊட்டி மலை ரயில் நீராவி எஞ்சினில் மிதவை உண்டா? (மேட்டுப்பாளையம்)

பதில்: மிதவை எஞ்சினுக்குச் சரிப்படாது. கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு ஓர் அடி வீதம் ஏற்றம். மூன்று மீட்டர் நீளப் பாய்லரில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் தண்ணீர் மட்டம் கால் மீட்டர் வேறுபடும். வளைவு, பிரேக், குலுக்கல் வேறு. எந்த மட்டத்தை மிதவை நம்பும்? அங்கே கண்ணாடியும் இன்ஜெக்டரும் ஃபயர்மேனின் மண்டையும்தான். அடுத்த ஏற்றம் எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரியும், அதற்கு முன்பே தண்ணீர் ஏற்றிவைப்பார்.

கேள்வி: மோப்ரே இருக்கும்போது சர்ட்டிஃபிகேட் வாங்கிய ஆபரேட்டருக்கு எதற்குச் சம்பளம்? வாட்ச்மேனே பார்த்துக்கொள்வாரே. (ஊர் எழுதவில்லை)

பதில்: மோப்ரே மாட்டிக்கொண்டதா என்று வாட்ச்மேனுக்குத் தெரியுமா?

1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்துதான் 1864-ல் வங்காளத்தில் பாய்லர் சட்டம் வந்தது. நாடு முழுவதுக்கும் 1923-ல் ஒரு சட்டம், அதற்குப் பதிலாக இப்போது 2025-ன் புதுச் சட்டம். இத்தனை மாற்றத்திலும் தகுதி பெற்ற ஆள் பாய்லர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மாறவில்லை. மிதவை வந்தபின் அவர் வேலை குறையவில்லை, மாறியது. முன்பு தண்ணீரைப் பார்த்தார். இப்போது தண்ணீரைப் பார்ப்பதைப் பார்க்கிறார். பிந்தையது கடினம். எட்டு மணி நேரம் ஒன்றுமே நடக்காத இடத்தில் ஒருவர் கவனமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம், இன்னும் கூட்டியே கொடுக்கலாம்.

கேள்வி: உற்பத்தி அவசரத்தில் லோ வாட்டர் ட்ரிப்பை வயர் போட்டு ஷார்ட் பண்ணி ஓட்டுகிறோம். ஒரு நாள்தானே? (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: இந்தப் பதிலைப் படித்த உடனே போய் அந்த வயரைப் பிடுங்குங்கள். துணி நாளைக்குப் போகட்டும்.

கேள்வி: கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை. உடனே பம்ப்பைப் போடலாமா? (ராணிப்பேட்டை)

பதில்: கூடாது. முதலில் நெருப்பை நிறுத்துங்கள். பர்னர் என்றால் அணையுங்கள், உமியென்றால் ஃபேனை நிறுத்தி நெருப்பை இழுங்கள். பிறகு கண்ணாடியை ஊதிப் பாருங்கள். கீழ் காக்கில் தண்ணீர் வந்தால் மட்டம் அதற்கு மேல்தான் இருக்கிறது, அடைப்புதான் கோளாறு. ஆவி மட்டும் வந்தால் மட்டம் கீழே போய்விட்டது. எவ்வளவு கீழே என்று தெரியாத நிலையில் குளிர்ந்த தண்ணீரை விட்டால், சூடேறிய தகடு சுருங்கி வெடிப்பு விடும், குழாய் முனைகள் கழன்றுகொள்ளும். ஆவி வால்வை மூடி, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, பாய்லர் தானாக ஆறட்டும். ஆறிய பிறகு உள்ளே இறங்கிப் பார்த்து, தகடு புடைத்திருக்கிறதா என்று பாய்லர் இன்ஸ்பெக்டர் சொன்னபின்தான் மறுபடி தீ.

கேள்வி: எங்களுக்குப் புது பாய்லர் வருகிறது. மிதவை பழைய காலத்துச் சமாச்சாரம், எலக்ட்ரோடு போடுங்கள் என்கிறார் விற்பனையாளர். எது நல்லது? (ஒசூர்)

பதில்: எலக்ட்ரோடு நல்ல கருவிதான். ஒரு கம்பி தண்ணீரைத் தொட்டால் மின்சாரம் ஓடும், தொடாவிட்டால் ஓடாது. நகரும் பாகமில்லை, மாட்டிக்கொள்ளாது. ஆனால் அதற்கும் நோய் உண்டு. கம்பியைச் சுற்றிய இன்சுலேட்டரில் உப்பு ஏறினால், தண்ணீர் இல்லாதபோதும் மின்சாரம் கசிந்து ‘இருக்கிறது’ என்று சொல்லும். ஃபீட் தண்ணீர் மிகச் சுத்தமாக இருந்தால், தண்ணீரைத் தொட்டுக்கொண்டே ‘இல்லை’ என்று சொல்லும். தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் மாடல்கள் வந்திருக்கின்றன, விலை கூடுதல். அதையே கேளுங்கள்.

மிதவையைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். அது தண்ணீரின் உப்பைப் பார்ப்பதில்லை, அடர்த்தியை மட்டும் பார்க்கிறது. உங்கள் பாய்லரில் இரண்டு கருவி போட இடமிருக்கும். பம்ப்புக்கு ஒன்றும் பர்னரை அணைக்க ஒன்றும் என்றால், ஒன்றை மிதவையாகவும் மற்றதை எலக்ட்ரோடாகவும் கேட்டு வாங்குங்கள். தனித்தனி அறை, தனித்தனிக் குழாய், தனித்தனி ட்ரெயின். ஒரே சேறு இரண்டையும் ஒரே நாளில் ஒரே விதத்தில் ஏமாற்றுவது கடினம்.